ஸரன்தீப் என்றொரு கல்

எங்கட கலைப்பீடத்தில் ஆனந்த குமாரசுவாமியைத் தெரியாத ஆள் இல்லை. நடராஜர் சிலையைப் பற்றி எழுதியவர், 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிப் பெரிய புத்தகம் போட்டவர், 1917இலிருந்து பொஸ்டன் நூதனசாலையில் இருந்தவர். நோட்ஸில் இவ்வளவும் வரும். அவர் சுத்தியலோடு கண்டி மலைகளில் கல்லுடைத்துத் திரிந்த கதை மட்டும் வராது. லண்டனில் அந்த மனிசன் படித்தது புவிச்சரிதவியலும் தாவரவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளர்.

1902இல் கண்டிக்குக் கிட்ட, அம்பகோட்டைப் பக்கத்துக் கங்கபிட்டியவில், சுண்ணக்கல்லும் இன்னொரு பாறையும் ஒட்டிக்கிடந்த இடத்தில் அவர் ஒரு நீலக் கனிப்பொருளைக் கண்டெடுத்தார். பிரித்தானிய நூதனசாலையிலிருந்த ஜி. ரி. பிரயர் அதைப் பகுப்பாய்வு செய்தார். உலகம் அதுவரை அறியாத கனிப்பொருள். 1903இல் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதி, செரண்டிபைற் என்று பெயர் வைத்தார்கள். ஸரன்தீப் என்ற பெயரிலிருந்து வந்தது. அரபு வணிகரும் பயணிகளும் இந்தத் தீவுக்குச் சொன்ன பெயர்; பாவாத மலைக் கதை சொல்லும்போது எங்கட உம்மும்மாக்கள் வாயிலும் வரும்.

சரி, கல்லுக்கு வருவோம். வரிப்பத்தான்சேனையில் எங்களுக்குக் கல் என்றால் சோற்றில் கடிபடுவதுதான். அந்த வெள்ளைக் கல் பெரும்பாலும் குவாட்சு: சிலிக்கனும் ஒட்சிசனும், வேறொன்றுமில்லை. ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நாலு ஒட்சிசன், நாலு முகமுள்ள சின்னக் கூம்பு மாதிரி. இதை நான்முகி என்கிறார்கள். எல்லாச் சிலிக்கேற்றும் இந்த நான்முகிகளைக் கோத்து எடுத்ததுதான். குவாட்சில் ஒவ்வொரு நான்முகியும் தன் நாலு மூலையையும் பக்கத்து நான்முகிகளோடு பங்குபோடுகிறது.

செரண்டிபைற்றில் நிறையில் நூற்றுக்கு 26 பங்களவுதான் சிலிக்கா. மீதி கல்சியம், மக்னீசியம், அலுமினியம், கொஞ்சம் இரும்பு, கூடவே போரன். இந்தப் போரன்தான் விசேஷம். 12 நான்முகிகளை எடுத்தால் ஆறின் நடுவில் சிலிக்கன், ஏறத்தாழ மூன்றில் போரன், மூன்றில் அலுமினியம். நான்முகிகள் சங்கிலியாக ஓடும். ஆனால் வெறும் சங்கிலி இல்லை, இரு பக்கமும் சிறகு மாதிரி மேலதிக நான்முகிகள் தொங்கும். சங்கிலிகளுக்கு இடையில் மக்னீசியமும் அலுமினியமும் ஆறு ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு சுவர் மாதிரி நிற்கும். பருத்த கல்சியத்துக்கு மட்டும் அகலமான இடம். பளிங்கின் மூன்று அச்சுகளும் மூன்று நீளம், அவற்றுக்கிடையில் ஒரு செங்கோணமும் இல்லை. சமச்சீர் பார்த்தால் கனிப்பொருள்களில் இதுதான் கடைசி வாங்கு. ஆனால் மெல்லிய சீவலாக்கி, முனைவாக்கிய ஒளியில் திருப்பினால் வெளிறிய மஞ்சட்பச்சை கடும் நீலமாக மாறும்.

(இத்தனை மூலகம் ஒரே வீட்டில் குடியிருக்கு என்று சொல்லி, இதை இன ஐக்கியத்துக்கு உவமையாக்கி மேடையில் பேச யாரும் வராமல் இருக்கட்டும். போரன் யாரையும் சகித்துக்கொண்டு இருக்கவில்லை. அளவு பொருந்தினதால் இருக்கு.)

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மேலே சொன்ன சங்கிலியும் சிறகும் சுவரும் 1903இல் அந்த இரண்டு பேருக்கும் தெரியா. பளிங்குக்குள் எக்ஸ் கதிரை விட்டு அணுக்களின் ஒழுங்கை அறியும் வழியே 1912இல்தான் பிறந்தது. அதற்குப் பிறகும் இந்தக் கல்லின் உள்ளமைப்புத் தெளிவாகப் பல பத்தாண்டுகள் போனது. அவர்களிடம் இருந்தது நுணுக்குக்காட்டி, தராசு, அமிலம், கண். நிறம் மாறுகிற விதம், பளிங்குகள் ஒன்றோடொன்று இரட்டையாக ஒட்டியிருக்கிற விதம், இவற்றைப் பார்த்தே "இது நாமறிந்த எதுவுமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். பின்னாளில் செப்புத் திருமேனியின் முன் நின்று பார்த்ததும் அதே கண்தானே. அவருடைய கலை எழுத்தில் ஒரு பொருளின் உறுப்புகளைப் பிரித்துப் பெயர் சொல்கிற பொறுமை இருக்கே, அது எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

சயன்ஸ் படிக்கிற என் மச்சானிடம் கேட்டேன். சிலிக்கேற்றுச் சங்கிலி என்றதும் கடதாசி எடுத்துக் கீறிக் காட்டினான். செரண்டிபைற்? "தெரியா மச்சான்." குமாரசுவாமி? "ஆரு அது?" எங்கட மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் ஒலுவிலில், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் உயர்தரத்துக்குப் பாடம் எடுத்த நாளிலேயே நாங்கள் பிரிந்துவிட்டோம். எனக்கு மனிசனில் பாதி கிடைத்தது, அவனுக்குக் கல்லில் பாதி.

பெயரைப் பற்றியும் ஒன்று. 1952இல் இலங்கைக் கல் இன்னொன்றுக்குச் சிங்களைற் என்று பெயர் வைத்தார்கள். அது போரேற்று, சிலிக்கேற்று இல்லை. அதுவரை அந்தக் கல்லை மண்ணிறப் பெரிடொற் என்றே நினைத்து விற்றார்கள், வாங்கினார்கள், மோதிரத்தில் கட்டினார்கள். 1961இல் வந்த எக்கனைற்றுக்கு, எஹலியகொடையில் அதைக் கண்டெடுத்த எக்கநாயக்கவின் பெயர். பேர்ப்பலகைக்குச் சண்டைபிடிக்கிற நாட்டில், ஸரன்தீப் என்று கண்டதும் எனக்கும் கொஞ்சம் பெருமை வந்தது, மறைக்கவில்லை. பிறகு யோசித்தால், பெயர் வைத்தவர்களில் ஒருவர் தமிழ்த் தகப்பனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர், மற்றவர் வெள்ளைக்காரர், கல் வந்தது கண்டியிலிருந்து. இதில் எங்கட பங்கு அந்தச் சொல் மட்டும்தான்.

மச்சான் இப்போது குமாரசுவாமியின் புத்தகம் ஒன்று கேட்டிருக்கிறான். நான் அவனிடம் எண்முகி கீறப் பழகுகிறேன். சரிவரவில்லை, எட்டாவது முகம் எப்பவும் பின்னால் ஒளிந்துகொள்கிறது.