முன்சக்கரத்துக்கும் வேலை கொடுத்தால்...

பழைய கார் வைத்திருப்பவர்களில் சிலருக்கு ஒரு ஆசை வருவதுண்டு. பின்சக்கரம் மட்டும் தள்ளிக்கொண்டு போகும் வண்டியை ஃபோர் வீல் டிரைவாக மாற்றினால் என்ன? சேற்றில் சிக்காது, மழையில் வழுக்காது. ஒரு டிரான்ஸ்பர் கேஸ், முன்னால் ஒரு டிஃபரன்ஷியல், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இன்ஜின் முன்னால், கியர் பாக்ஸ் அதன் பின்னால், அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் பின்சக்கரத்துக்குப் போகும். முன்சக்கரத்துக்கும் சக்தி வேண்டுமானால் இன்னொரு ஷாஃப்ட் இன்ஜினை ஒட்டி முன்னால் வரவேண்டும். முன் டிஃபரன்ஷியல் வைக்கவேண்டிய இடத்தில் ஆயில் சம்ப் உட்கார்ந்திருக்கும். ஒன்று இன்ஜினைத் தூக்க வேண்டும், அல்லது சம்ப்பை வெட்ட வேண்டும்.

அடுத்த வில்லங்கம் வளைவில். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. இரண்டையும் இறுக்கிக் கட்டிவிட்டால் சேற்றில் பரவாயில்லை, காய்ந்த தார்ச்சாலையில் ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும். அங்கே முன்சக்கர இணைப்பை விடுவித்துவிட வேண்டும். இல்லையென்றால் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் வேண்டும்.

இந்த இரண்டு வழிக்கும் சரித்திரத்தில் ஆளுக்கொரு கார் இருக்கிறது.

முதலாவது, சோவியத் நாட்டின் கார்க்கி தொழிற்சாலையில் 1955-ல் வந்த எம்-72. 'பொபேடா' என்ற குடும்பக் காரின் உடம்பு, காஸ்-69 ஜீப்பின் முன் ஆக்ஸில், டிரான்ஸ்பர் கேஸ். பொபேடாவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது என்பதால் அடிப்பாகத்தை நிறைய பலப்படுத்த வேண்டியிருந்தது. வேகம் குறைந்தது, வண்டி உயர்ந்தது. ஆனால் சாலையே இல்லாத கிராமங்களுக்குக் கூரையும் கதவும் உள்ள ஒரு கார் போய்ச் சேர்ந்தது. 1958 வரை 4,677 வண்டிகள்.

இரண்டாவது, இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்எஃப், 1966. இதன் பின்னால் இருப்பவர் நம் ஊர் வயல்களுக்கும் தெரிந்த பெயர்தான்: மாசி பெர்குசன் டிராக்டரின் பெயரில் உள்ள ஹாரி பெர்குசன். சாதாரணக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிடிமானம் வேண்டும் என்று நம்பியவர். 1960-ல் அவர் இறந்தார். மறு வருடமே அவருடைய நிறுவனத்தின் பி99 காரில் ஸ்டிர்லிங் மாஸ், ஓல்டன் பார்க் பந்தயத்தில் ஜெயித்தார்.

ஜென்சன், தன் இன்டர்செப்டர் காரை நாலு அங்குலம் நீட்டி, இந்த அமைப்பைப் பொருத்தியது. நடு டிஃபரன்ஷியல் சக்தியை முன்னால் 37, பின்னால் 63 சதவீதமாகப் பிரித்தது. விமானத்திலிருந்து வந்த மாக்ஸரெட் ஆன்ட்டி-லாக் பிரேக்கும் சேர்ந்தது. ஆடி குவாட்ரோ வருவதற்கு 14 வருடம் முன்பே!

விற்றது? 320 கார்கள். விலை இன்டர்செப்டரைவிடக் கணிசமாக அதிகம். உள்ளே பாகங்கள் அடுக்கிய விதத்தால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் மாற்ற முடியவில்லை. அமெரிக்கா என்ற பெரிய சந்தை அதோடு கைநழுவியது. 1971-ல் தயாரிப்பு நின்றது.

யோசித்துப் பார்த்தால், பொறியியலில் ஜென்சன்தான் உசத்தி. ஆனால் எம்-72-க்கு ஓர் அவசியம் இருந்தது. அது இல்லாவிட்டால் வேறு வண்டியில் அந்தக் கிராமத்துக்கு அவ்வளவு வசதியாகப் போக முடியாது. ஜென்சன் வாங்கக்கூடியவருக்கோ, இன்டர்செப்டரே போதுமாக இருந்தது.

இன்று கராஜில் பழைய காரை நிறுத்தி வைத்திருப்பவருக்கும் இதே கணக்குதான். சேற்றுக்குப் போக இன்று ஆயிரம் வண்டிகள் கிடைக்கும். ஆனால் வெட்டிய சேஸிஸ் பழையபடி ஆகாது, ஒரிஜினலாக இருப்பதற்காகவே கிடைக்கும் விலையும் திரும்பாது. அந்த வண்டியோடுதான் அந்த வழியில் போகவேண்டும் என்று நிஜமாகவே ஒரு காரணம் இருந்தால் வெட்டலாம். பெருமைக்கு என்றால், கட்டரை எடுப்பதற்கு முன்னால் இன்னொரு வாரம் யோசிப்பது நல்லது.