பிறை 11, வெள்ளி இரவு

உங்கள் பிள்ளை எப்போது பிறந்தது என்று யாராவது கேட்டால் உடனே ஓர் ஆங்கிலத் திகதியைச் சொல்வீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருப்பதும் அதுதான், பாடசாலையில் கேட்பதும் அதுதான். என் மாமி, என் கணவரின் தாயார், ஒருநாளும் அப்படிச் சொன்னவரல்லர். நவம்பர், டிசம்பர் எல்லாம் அவருக்குக் கந்தோர்க்காரரின் கணக்கு. அவருடைய வருடம் ஆஷூராவில் தொடங்கி, ஸபர், மௌலூது மாதம், முஹ்யித்தீன் ஆண்டகை மாதம், காதிர் அவுலியா மாதம், ரஜபு, பராஅத்து, நோன்பு என்று நடந்து ஹஜ்ஜு மாதத்தில் முடியும். இந்தப் பெயர்களில் சிலவற்றைக் கேட்டு இன்றைய மௌலவிமார் முகம் சுளிக்கலாம். ஆனால் கணக்கில் மாமி பிசகியதை நான் கண்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷி ஒன்பது பேரப்பிள்ளைகளின் பிறையையும் கிழமையையும் மனதில் வைத்திருந்தார்.

என் மூத்த மகள் பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத் தெருவில், 1986 நவம்பர் 13ஆந் திகதி வியாழக்கிழமை இஷாவுக்குப் பிறகு. இரவில் வெளியே போக அஞ்சிய காலம் அது. மருத்துவிச்சி வீட்டுக்கே வந்தார். மாமியிடம் கேட்டால், “மௌலூது மாசம் பிறை பதினொண்டு, வெள்ளி இரவு” என்பார். வியாழன் மஃரிபோடு நமக்கு வெள்ளி இரவு தொடங்கிவிடுகிறது அல்லவா? எங்கள் வீட்டில் நாங்கள் அதற்குமேல் யோசித்ததில்லை. பிற்காலத்தில் அந்த ஒரு வரி என் மகளுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளியின் பெறுமதியை ஸதகா கொடுத்து, ஓர் ஆடு அறுத்து அகீகா கொடுத்தோம். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுவதும் மெழுகுதிரி ஊதுவதும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. இதைப் பற்றி நம் பெண்களுக்குள் வாதங்கள் உண்டு, அதற்குள் நான் நுழையவில்லை. திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது அது தாம் பிறந்த நாள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பிறந்த நாளை ஞாபகம் வைத்திருப்பதில் குற்றமில்லை என்பது மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது. மாமி தன் கணக்கில் அந்தப் பிறை வரும்போது ஒரு சட்டி பாற்சோறு ஆக்கி, சர்க்கரை வைத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அவ்வளவுதான் விழா.

பிறை வருடத்துக்குப் பதினொரு நாளளவு முந்தி வருவதால், மகளின் இரண்டு பிறந்த நாட்களும் ஆண்டுக்காண்டு விலகிக்கொண்டே போயின. முதலாவது, 1987இல். இந்தியப் படையினருடனான சண்டை நடந்த மாதங்கள். ஊரடங்குச் சட்டம் தளரும் நேரத்தில் ஓடிப்போய் வாங்கிய ஒரே தேங்காயில் மாமி பாற்சோறு ஆக்கினார். இரண்டாவதும் மூன்றாவதும் கொஞ்சம் அமைதியாகப் போயின. மகளின் வாப்பா தையற்கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு மகளைச் சைக்கிளின் முன்பாரில் இருத்திப் பண்ணைக் கடற்கரைக்குக் கொண்டுபோவார். பாரில் கால் நோகாமல் இருக்க வெட்டுத்துணிகளைச் சுற்றி ஒரு சின்ன ஆசனம் செய்திருந்தார். மகள் அங்கு கண்டவற்றை வந்து எனக்கு ஒப்புவிப்பாள். கடலில் நிற்கும் மீன்பிடிக் கூடுகள், கோட்டைச் சுவர், வலை காயப்போடும் மனிதர். திரும்பி வரும்போது கையில் ஐஸ்பழம் உருகி முழங்கை வரை ஒழுகியிருக்கும். வேறு ஊர்ப் பயணம், படம் பார்த்தல் ஒன்றும் எங்களுக்கு இருக்கவில்லை. சைக்கிளில் பதினைந்து நிமிடம் போய்வருவதே அவளுக்குப் பெருநாள்.

நான்காவது பிறந்த நாள் மாமியின் கணக்கில் 1990 ஒக்டோபர் பிறக்கும் சமயத்தில் வந்தது. கோட்டையில் இருந்த இராணுவம் செப்டெம்பர் 26ஆந் திகதி வெளியேறிச் சில நாட்களே ஆகியிருந்தன. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஆறு பிள்ளைகள் வட்டமாக இருந்து பாற்சோறு தின்றார்கள்.

அதே நான்காவது பிறந்த நாள் கந்தோர்க்காரரின் கணக்கில் நவம்பர் 13ஆந் திகதி வந்தபோது எங்களுக்கு வீடு இல்லை.

ஒக்டோபர் 30ஆந் திகதி நடந்ததை இந்த ஏட்டின் வாசகிகளுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. இரண்டு மணி நேரம் தந்தார்கள். வடக்கிலிருந்து அந்த மாதம் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம் என்பார்கள். அவர்களில் நாங்கள் ஆறு பேர். மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அகீகாவின்போது எடுத்த படம், ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் பூக்களுக்கு நடுவே இருத்தி எடுத்த படம் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. வவுனியா வரும் வழியில் மகளின் செருப்பில் ஒன்று தொலைந்தது. மற்றதைக் கழற்ற அவள் சம்மதிக்கவில்லை. ஒற்றைச் செருப்போடுதான் புத்தளம் வந்து சேர்ந்தாள்.

புத்தளத்து மக்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டு அடுப்பில் சோறாக்கிப் பார்சல் பார்சலாகக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 13ஆந் திகதி அப்படி வந்த ஒரு ராத்தா மகளின் கன்னத்தைத் தடவி, “எத்தின வயசு மகள்?” என்று கேட்டார். “நாலு” என்றாள். “எப்ப நாலாச்சு?” என்று அவர் கேட்க, நான், “இண்டைக்குத்தான்” என்றேன். ராத்தா ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அஸருக்குப் பிறகு திரும்பி வந்தார். ஒரு பணிஸ், தன் பிள்ளை போட்டுக் கழித்த ஒரு சோடிச் செருப்பு. செருப்பு கொஞ்சம் பெரிது. வாப்பா வாருக்குள் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

தென்னந்தோட்டம் ஒன்றில் கிடுகுக் குடிசைகள் போட்டுத் தந்தபின் வாழ்க்கைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. காலையில் முகாமின் பாலர் வகுப்பு. க.பொ.த. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது ஊரை விட்டு வந்த இரண்டு பெண்பிள்ளைகள் சம்பளமில்லாமல் அதை நடத்தினார்கள். கரும்பலகை இல்லை. மணலைத் தட்டி மட்டமாக்கி விரலால் எழுதப் பழக்கினார்கள். மகள் அ எழுதியதும் அலிஃப் எழுதியதும் அந்த மணலில்தான். பின்னேரம் ஓதப் போவாள்.

வெள்ளிக்கிழமைகளில் வாப்பா அவளை நடத்திக்கொண்டு களப்புக் கரைக்குப் போவார். சைக்கிள்தான் இல்லையே. உப்பளங்களில் வெள்ளைக் குவியல்களைக் கண்டு அது சீனியா என்று கேட்டாளாம். ஒரு துணுக்கு உப்பை நாக்கில் வைத்துப் பார்க்கக் கொடுத்தாராம். தெருவில் திரியும் கழுதைகள்தான் அவளுக்குப் பெரிய அதிசயம். ஒருமுறை கற்பிட்டிக்கு உறவினரைப் பார்க்க பஸ்ஸில் போனோம். அங்கேயும் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. அதைக் கண்டதும் மகள் துள்ளி எழுந்து, “உம்மா, வீட்ட வந்திட்டம்!” என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. மாமி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

1991 கடைசியில் பாடசாலைக்குச் சேர்க்கும் நேரம் வந்தது. இப்போது தரம் ஒன்று என்கிறோமே, அப்போது அதற்கு ஆண்டு ஒன்று என்று பெயர். ஜனவரி 31ஆந் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அத்தாட்சிப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்குச் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் முகாமில் பதிவு எடுத்த உத்தியோகத்தர் மகளைப் பார்த்தார். ஒரு வருடம் நிவாரண அரிசியிலும் பருப்பிலும் வளர்ந்த பிள்ளை, மெலிந்து, உயரமும் காணாது. “இது ஐந்து வயதுப் பிள்ளையா? 1987 என்று போடுவோம். திகதி தெரியாதவர்களுக்கு ஜனவரி முதலாந் திகதி என்று எழுதுகிறோம்” என்றார். அவர் கெட்ட மனிதரல்லர். நூற்றுக்கணக்கான பேரின் பெயரை வெயிலில் நின்று எழுதிக் களைத்திருந்தார். திகதி தெரியும் என்று நான் சொன்னேன். எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பிள்ளையை ஒரு வருடம் முந்திச் சேர்க்க ஆசைப்படுகிறார்கள் என்றார். அதுவும் பொய்யில்லை.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. வீட்டையும் கிணற்றையும் விட்டு வந்தாயிற்று. இப்போது பிள்ளையின் பிறந்த நாளும் போகப்போகிறது. எங்கள் வரிசையிலேயே எத்தனையோ பிள்ளைகளுக்கு ஜனவரி முதலாந் திகதி எழுதப்பட்டுவிட்டது. இன்று நாற்பதை நெருங்கும் அவர்களில் சிலர் இன்னமும் அந்தத் திகதியைத்தான் அடையாள அட்டையில் சுமக்கிறார்கள்.

மாமி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்நிய ஆணோடு பேசிப் பழக்கமில்லாதவர். முன்னுக்கு வந்து, “மௌலூது மாசம் பிறை பதினொண்டு, வெள்ளி இரவு. மீலாதுக்கு முந்தின வெள்ளி” என்றார். உத்தியோகத்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகாமின் பள்ளியில் இமாமத் செய்த மௌலவி பக்கத்தில் இருந்தார். “கொஞ்சம் பொறுங்கள்” என்று போய், ஹிஜ்ரி மாதங்களுக்கு ஆங்கிலத் திகதி போட்ட ஓர் அட்டவணையைக் கொண்டுவந்தார்.

விரல் வைத்துப் பார்த்தார். ஹிஜ்ரி 1408இல், அதாவது 1987இல், ரபீஉல் அவ்வல் 11 வருவது நவம்பர் 3ஆந் திகதி செவ்வாய்க்கிழமை. 1406இல், 1985இல், ஞாயிற்றுக்கிழமை. 1407இல் நவம்பர் 14ஆந் திகதி, வெள்ளிக்கிழமை. அதன் இரவு என்றால் 13ஆந் திகதி வியாழன் மாலை. “பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் ஆகலாம், ஆனால் செவ்வாய் வெள்ளியாகாது. இந்த உம்மா சொல்லும் கிழமை இந்த ஒரு வருடத்துக்குத்தான் பொருந்துகிறது. நான் சொன்ன திகதியும் அல்ல, தாய் சொன்ன திகதியும் அல்ல, இது கணக்கு” என்றார் மௌலவி.

உத்தியோகத்தர் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, 1986.11.13 என்று எழுதினார். அதை வைத்துச் சமாதான நீதவான் ஒருவர் சத்தியக் கடதாசியில் கையொப்பமிட்டார். எங்கள் ஓலைக் குடிசையில் அன்றிரவு பாற்சோறு ஆக்கினோம். பிறையும் இல்லை, திகதியும் இல்லை, ஆனாலும் ஆக்கினோம்.

1992 ஜனவரியில் மகள் பாடசாலைக்குப் போனாள். இடவசதி இல்லாததால் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையிலும் எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னேரத்திலும் வகுப்பு. ளுஹர் நேரத்தில், மணல் கொதிக்கும்போது, வெள்ளைச் சீருடையோடு புறப்படுவார்கள். சீருடையை வாப்பா வாடகை மெஷினில் தைத்தார், வளர்ந்தால் இறக்கிவிடலாம் என்று கீழ்மடிப்பை நாலு விரல் அகலத்துக்கு விட்டு. மேசையில் காலைப் பிள்ளைகள் சீவிய பென்சில் தூள் கிடக்குமாம். அதைச் சேர்த்து ஒரு கடதாசியில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருநாள் வந்து, “உம்மா, நான் வாசிப்பன்” என்றாள். எதை என்றேன். காலை வகுப்பு ஆசிரியை தான் எழுதியதைப் பாதுகாக்கக் கரும்பலகையின் மூலையில் தினமும் இரண்டு சொற்கள் எழுதி வைப்பாராம். அதைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டியிருக்கிறாள். குடிசை வாசல் மணலில் விரலால் எழுதியும் காட்டினாள்: அழிக்க வேண்டாம். ‘ழி’யில் சுழி தலைகீழாக இருந்தது. மாமி அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

மாமி 1998 நோன்பு மாதத்தில் புத்தளத்திலேயே வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபின், மகளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனோம். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி எடுத்து வைக்கலாம் என்பதுதான் நோக்கம். வீட்டுக்குக் கூரை இல்லை. குசினிக்குள் ஒரு வேப்பமரம் எங்கள் தலைக்குமேல் வளர்ந்திருந்தது. மகளுக்கு வீடு ஞாபகம் வரவில்லை. கிணற்றுக்கட்டில் வாளி உரசிய பள்ளத்தைத் தடவியபோது மட்டும், “இது தெரியும்” என்றாள்.

பதிவு இருந்தது. இரண்டு நாள் அலைந்து பிரதியைக் கையில் வாங்கினோம். மகள்தான் முதலில் வாசித்தாள், உரத்து: 1986 நவம்பர் 13. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அவளுடைய வாப்பாவின் பெயர் இருந்தது. “அப்பிடியெண்டா உம்மும்மா சொன்னது சரி” என்றாள். பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பண்ணைக்குப் போகும் வழி எது என்று வாப்பாவிடம் கேட்டாள்.