நடுவில் ஒரு 'ர'

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நான்காம் நாள். ஆவடி லோக்கல் வில்லிவாக்கம் தாண்டியதும் வாசலுக்கு நகர்ந்து, கொரட்டூரில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே எதிரில் பெரிய பேனர். 'மரண வரவேற்பு' என்று படித்துவிட்டேன். கால் ஓடவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் 'திருமண வரவேற்பு'. 'திரு'வை வேப்பங்கிளை மறைத்திருந்தது. அது சரி, 'மண'வுக்குள் 'ர'வை நுழைத்தது யார்? அச்சடித்தவர் இல்லை.

உளவியல்காரர்களிடம் ஒரு சோதனை உண்டு. திரையில் சில எழுத்துகளைக் காட்டி, இது சொல்லா, வெறும் குப்பையா என்று பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். நொடியை ஆயிரமாகக் கூறு போட்டு நேரம் குறிப்பார்கள். 'நாற்காலி' போன்ற சப்பென்ற சொல்லைவிட 'முத்தம்' போன்ற சொல் பெரும்பாலும் சீக்கிரம் பிடிபடுகிறது. சீனத்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே கூடுதலாக ஒரு விசேஷம். கோபம், பயம், துக்கம் இவற்றுக்கான எழுத்துகளில் 'ஷின்' என்னும் இதயக் குறி உட்கார்ந்திருக்கும்; சிலவற்றில் அடியில், சிலவற்றில் இடப்பக்கம் ஒடுங்கியபடி. எப்படி உச்சரிப்பது என்று தெரியாவிட்டாலும் இது மனசு சமாச்சாரம் என்று எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். 'வேலை மும்முரம்' என்பதற்கான எழுத்திலும் இதயம் இருக்கிறது, பக்கத்திலேயே 'அழிவு'க்கான குறியோடு. ஒலிக்காகச் சேர்த்ததுதான் அது. இருந்தாலும் காலை லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் அந்த விளக்கத்தை ஏற்க மாட்டார்கள்.

நம் 247 எழுத்துகளில் அப்படி ஒரு குறி கிடையாது. சுவரில் உண்டு. மாலை போட்ட படம், கறுப்பு விளிம்பு. ஓடும் ரயிலிலிருந்து பார்த்தாலும் 'கண்ணீர் அஞ்சலி'யை யாரும் எழுத்துக்கூட்டுவதில்லை.

ஆனால் அந்தச் சோதனை அளப்பது சொல்லுக்குள் இருக்கும் உணர்ச்சியை. அன்று பேனரில் இருந்தது மங்கலமான சொல். பயம் என்னிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் நான்கு நாள் உட்கார்ந்து சேர்த்த பயம். அது ஓர் எழுத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தது.

ஒன்பதாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பால் பாக்கெட்டில் தேதி பார்க்க இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தால் மட்டும் கண்ணாடி வேண்டியதில்லை. தூரத்திலிருந்தே கேட்கிறாள்: "யாருடா அது, நம்ம தெருவா?"