மூணாவது கம்ப்யூட்டர்

ஆதார் ஜெராக்ஸ் எடுக்கத்தான் போனேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், எல்லாவற்றுக்கும் ஒரே அக்கா.

மூணாவது கம்ப்யூட்டரில் தேர்வு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த பெண், "அக்கா, போச்சுக்கா!" என்றாள். எட்டிப் பார்த்தேன். குரோமில் இருபது டேப்புக்கு மேல் திறந்து கிடந்தன. அத்தனை திறந்தால் ஒவ்வொன்றும் நகத்தளவு சுருங்கிவிடும். மூடுகிற பெருக்கல் குறி தெரியாது. ஆனால் ஒன்றைத் தட்டியதும், ஐகான் இருந்த அதே இடத்தில் அந்தக் குறி முளைக்கும். இவள் அவசரத்தில் இரண்டு தட்டு தட்டியிருக்கிறாள். முதல் தட்டில் வந்த டேப், இரண்டாவதில் போய்விட்டது. பதற்றத்தில் பக்கத்து டேப்பையும் மூடியிருக்கிறாள்.

அக்கா குனிந்து கன்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினார். மின்கட்டணப் பக்கம் வந்தது.

"இது இல்லக்கா."

"இரும்மா, கடைசியா மூடினதுதான் முதல்ல வரும்."

மறுபடி அழுத்தினார். விண்ணப்பம் வந்து நின்றது. எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் இதே மூன்று சாவிதான். பக்கம் வந்ததே தவிர, மறுபடி லாகின் செய்யச் சொன்னது. மூடிய பக்கத்தைத்தான் பிரவுசர் ஞாபகம் வைத்திருக்கும். லாகின் நீடிப்பது அந்தத் தளத்தின் கையில். நல்லவேளை, ஒவ்வொரு பக்கத்தையும் சேவ் செய்தால்தான் அடுத்ததற்கு விடுகிற தளம் அது. முகவரி, மதிப்பெண் எல்லாம் அப்படியே இருந்தன. கடைசிப் பக்கம் மட்டும் காலி.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நாலாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதே சாவிகளை அழுத்தினேன். யாருடைய ரயில் டிக்கெட்டோ வந்தது. இன்னொரு தரம் அழுத்தினால் ஒரு பையனின் மதிப்பெண் பட்டியல், பெயரும் பிறந்த தேதியுமாக. அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி கூச்சமாகிவிட்டது.

"சார், அதத் தொடாதீங்க. காலையில வந்தவங்களோடது."

பேங்க் வேலைக்கு வருகிறவர்களுக்கு அக்கா இன்காக்னிட்டோதான் திறந்து கொடுப்பாராம். குரோமில் அங்கே மூடிய டேப் மூடியதுதான், ஹிஸ்டரியிலும் இருக்காது. "தெரியாம மூடிட்டு என்னையத்தான் திட்டுவாங்க" என்று சிரித்தார். சாதாரண ஜன்னல் என்றால் கவலையில்லை. கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால் 90 நாள் வரை போன பக்கங்கள் வரிசையாக நிற்கும். போனில் மூன்று புள்ளியைத் தொட்டு, சமீபத்திய டேப்களைப் பார்த்தால் போதும்.

அந்தப் பெண் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அக்கா அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். கன்ட்ரோல், ஷிப்ட், டெலிட். வந்த பெட்டியில் எல்லா நேரத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தார். ஹிஸ்டரி மொத்தமும் போயிற்று. சோதிக்க மறுபடி டி-யை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"சார், ஆதார் ரெண்டு பக்கமுமா?"