மின்சார காருக்கு மானியம் உண்டா?



என் தங்கை மகன் சிதம்பரத்திலிருந்து தினமும் கடலூருக்கு வேலைக்கு வந்து போகிறான். நகையை அடகு வைத்து மின்சார கார் வாங்கப் போகிறானாம். "மத்திய அரசு மானியம் வந்ததும் மீட்டுடலாம் மாமா" என்றான். நகை விஷயம் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சொந்த உபயோகக் காருக்கு அந்த மானியம் கிடையாது. 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை இருந்த ஃபேம்-2 திட்டத்திலேயே வாடகை, பொதுப் போக்குவரத்துக் கார்களுக்குத்தான் கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் இருசக்கர வாகனம், ஆட்டோ, பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ் சேர்க்கப்பட்டன. சொந்தக் கார் இல்லை. கடன் வட்டிக்கான 80இஇபி வருமான வரிக் கழிவும் 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும்தான்.

நமக்கு இருப்பது வரிச் சலுகை. ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் கொடுத்துவருகிறார்கள். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றால் செலவு குறையும். கணக்கில் பணமாக எதுவும் வந்து சேராது.

கார் வாங்குவது நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் வராத பணத்தை வரவில் எழுதாதீர்கள்.