சீட் இல்லாத சைக்கிளும் ஒரு ‘டிக் டிக்’ சத்தமும்

அந்த சைக்கிளில் சீட் இருக்காது. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எதுவும் இருக்காது. உட்கார்ந்து ஓட்டுவதற்காகச் செய்ததே இல்லை அது. ‘டிரயல்ஸ்’ என்று பெயர். பாறை, மரத்துண்டு, கான்கிரீட் குழாய், சுவர் என்று வழியில் எது வந்தாலும் சைக்கிளோடு தாவி ஏற வேண்டும், தாவி இறங்க வேண்டும். கால் தரையில் பட்டால் அபராதம்.

இந்த விளையாட்டு ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் பிறந்தது. மோன்டெசா என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியோடு தொடர்புடைய பெரே பி என்ற வீரருக்கு ஓட் பி என்று ஒரு மகன். மோட்டார் வண்டியில் அப்பா செய்யும் வித்தையை மகன் சைக்கிளில் பழகினான். ‘மோட்டார் இல்லாத டிரயல்’ என்ற பொருளில்தான் அங்கே இதற்குப் பெயரே வைத்தார்கள். அந்தப் பையன் பிற்காலத்தில் உலக சாம்பியனும் ஆனார்.

போட்டி பார்க்காதவர்களும் டேனி மெக்காஸ்கில் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். ஸ்காட்லாந்துக்காரர். 2009 ஏப்ரலில் அவருடைய ஐந்தரை நிமிட வீடியோ ஒன்று உலகமெல்லாம் சுற்றியது. எடின்பரோ நகரத்தில் கூர்முனை வைத்த இரும்பு வேலியின் மேல் சைக்கிள் ஓட்டுவார். அப்போது அவருக்கு வயது 23. சைக்கிள் கடையில் மெக்கானிக் வேலை. மெக்கானிக் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் தைரியத்துக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதியாவது ஸ்பேனருக்குப் போக வேண்டும்.

ஏன் என்றால், ஒரு தாவலை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ரைடர் பின்சக்கரத்தில் மட்டும் நிற்கிறார். பிரேக் இறுக்கிப் பிடித்திருக்கிறது. எதிரே ஆறடி தள்ளி இன்னொரு சுவர். நடுவில் வெறும் பள்ளம். பிரேக்கை விட்ட அதே நொடியில் முன்காலால் பெடலை ஓங்கி மிதிக்கிறார். பெடல் கால் வட்டம் சுற்றுவதற்குள் உடம்பும் சைக்கிளும் சேர்ந்து எதிர்ச்சுவருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அந்த மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஃப்ரீவீல்.

நம் வீட்டு சைக்கிளிலும் இருப்பதுதான். இறக்கத்தில் பெடல் போடாமல் போகும்போது ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கிறதே, அது ஃப்ரீவீலின் சத்தம். உள்ளே பல் வெட்டிய ஒரு வளையம். அதற்குள் ஸ்பிரிங் தாங்கி நிற்கும் சின்னச் சின்ன இரும்பு நாக்குகள். பெடலை மிதித்தால் நாக்கு பல்லில் முட்டுக்கொடுத்து நிற்கும், சக்கரம் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினால் நாக்கு பல்லின் மேல் வழுக்கிப் போகும். வண்டி தானாக ஓடும். நம் சைக்கிளில் இது கெட்டால் பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது. கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவோம். கஷ்டம் அவ்வளவுதான்.

டிரயல்ஸில் அந்த ஒரு நொடியில் நாக்கு பிடிக்காமல் போனால், ஓங்கி மிதித்த கால் காற்றை மிதிக்கும். முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். நெஞ்சு முன்னால் போய் விழும். சைக்கிள் எதிர்ச்சுவரை எட்டாது. எதிர்ச்சுவரின் விளிம்பில் படுவது பெரும்பாலும் முன்னங்கால் எலும்புதான்.

பெரும்பாலான போட்டி சைக்கிள்களில் ஃப்ரீவீல் பின்சக்கரத்தில் இல்லாமல், முன்னால், பெடல் தாங்கும் கிராங்கிலேயே திருகியிருக்கும். பாறையில் இடிக்காமல் இருக்க முன்பல்சக்கரம் சின்னதாக இருக்க வேண்டும். 18 பல் வழக்கம். பின்னால் 12 முதல் 15 பல். பின்சக்கரத்தில் அவ்வளவு சின்ன ஃப்ரீவீலைப் பொருத்துவது சிரமம். அதனால் இடம் மாற்றிவிட்டார்கள். இதில் வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெடல் நின்றாலும் சக்கரம் உருளும்வரை இந்த சைக்கிளில் செயின் ஓடிக்கொண்டே இருக்கும். உருளும் வண்டியின் செயினில் துணி வைத்துத் துடைக்கப் போனால் விரல் போய்விடும்.

முன்னால் வைத்ததற்கு விலையும் உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் பெடல் மேல் சும்மா ஏறி நின்றாலே, உள்ளே நாக்குகளில் விழும் சுமை அதைப்போல் ஏழு மடங்கு. கிராங்க் நீளம், நாக்குகளோ மையத்துக்கு அருகில், நெம்புகோல் கணக்கு. ஐந்நூறு கிலோவை நெருங்கும் அந்தச் சுமையை விரல் நகம் அளவு இரும்புத் துண்டுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நிற்பதற்கே இவ்வளவு என்றால், ஓங்கி மிதிப்பதற்கு?

இதோடு இன்னொரு நெருக்கடி, பிடிக்கும் இடங்களின் எண்ணிக்கை. ஒரு சுற்றில் 18 இடங்களில் மட்டும் பிடிக்கும் ஃப்ரீவீலைக் கிராங்கில் போட்டால், நாக்கு அடுத்த பல்லைத் தொடுவதற்குள் பெடல் 6 சென்டிமீட்டர் வரை சும்மா நகரக்கூடும். விளிம்பில் நிற்பவருக்கு அது பெரிய தூரம். அதனால் 72 இடங்களில் பிடிப்பவை வந்தன. வீண் நகர்வு ஒன்றரை சென்டிமீட்டர்தான். 108 இடங்களில் பிடிப்பவையும் வந்தன. அதில் ஒரே சென்டிமீட்டர்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வளையத்தின் அளவு மாறவில்லையே! பல் கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சின்னதாகும். அல்லது பல்லைப் பெரிதாக வைத்துக்கொண்டு, நாக்குகளை இரண்டு அணியாகப் பிரித்து அரைப்பல் தள்ளி வைக்கலாம். 36 பல்லில் 72 இடம் கிடைத்துவிடும். அப்போது ஒரு நேரத்தில் பாதி நாக்குகள்தான் சுமையைத் தாங்கும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்கி, பெரிய எண்தான் உசத்தி என்று வாங்குவது கேமராவில் மெகாபிக்சல் பார்த்து வாங்குவது போல. புதிதாகப் பழகுபவருக்குச் சீக்கிரம் பிடிப்பதைவிடத் தவறாமல் பிடிப்பதே முக்கியம்.

பராமரிப்பில் ஆசையாகச் செய்யும் தப்பு ஒன்று உண்டு: கெட்டியான கிரீஸை உள்ளே அடைத்துவிடுவது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் நாக்கைத் தூக்கி நிறுத்துவது ஒரு நூலளவு ஸ்பிரிங். கிரீஸ் பசை போல ஒட்டிக்கொண்டால் அந்த ஸ்பிரிங்கால் நாக்கை நிமிர்த்த முடியாது. குளிர் நாட்டில் காலை நேரத்தில் கிரீஸ் இன்னும் இறுகும். நாக்கு பாதி எழுந்து பல்லின் நுனியை மட்டும் கவ்வும். ஓங்கி மிதித்ததும் நழுவும். நுனி உடையும். உடைந்த துகள் அடுத்த பல்லில் சிக்கும். நாக்குகளுக்கு மெல்லிய எண்ணெய் சில சொட்டு போதும். கிரீஸ் தேவைப்படும் இடம் வேறு: கிராங்கில் திருகும் மரை. மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல் அந்த மரையில் இறுகிக்கொண்டே போகும். கிரீஸ் தடவாமல் மாட்டினால் ஒரு வருஷம் கழித்துக் கழற்ற இரண்டு ஆளும் நீளக் குழாயும் வேண்டியிருக்கும்.

அடுத்தது காது. நல்ல ஃப்ரீவீல் சீராகப் பேசும். ஸ்பிரிங் ஒன்று ஒடிந்தால் தாளத்தில் ஓர் ஓட்டை விழும். கிரீஸ் இறுகினால் சத்தம் அமுங்கிவிடும். தண்ணீர் புகுந்தால் கரகரக்கும். சத்தம் குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சந்தேகப்பட வேண்டிய நேரம் அது. செயினையும் பார்க்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கிவிட்டால் பேரிங் சீக்கிரம் தேயும். வளையம் ஆட ஆரம்பித்தால் நாக்குகள் சமமாகப் பிடிக்காது. தொளதொள என்று விட்டாலோ செயினே பல்லைத் தாண்டிவிடும்.

கழற்றிச் சுத்தம் செய்ய வசதியாகச் செய்யப்பட்டவையும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் செய்யும் ஈனோ ஃப்ரீவீல் அப்படி ஒன்று. விலை கூடுதல்தான். திறந்து பார்க்க முடிகிற பொருளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் இல்லை. திறந்தால் பார்க்க வேண்டியது நாக்கின் நுனி. கூர்மை மழுங்கி உருண்டிருந்தால் அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது. எல்லா நாக்குகளையும் ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் ஒரே உயரத்தில் நிற்காது. முதலில் தொடுவதே மொத்தச் சுமையையும் வாங்கும். வளையத்தின் பல்லே உருண்டுபோயிருந்தால் ரிப்பேர் பேச்சே வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு வேறு. எட்டு வயதில் 25 கிலோ எடையோடு ஏறிய பையன் பன்னிரண்டு வயதில் 40 கிலோ. அண்ணன் ஓட்டிய சைக்கிள் தம்பிக்கு வரும். சைக்கிள் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் நாக்கு எத்தனை ஆயிரம் மிதி வாங்கியது என்று வெளியே தெரியாது. சட்டை கைமாறலாம். பழைய ஃப்ரீவீல் கைமாறும் முன் ஒரு முறை கழற்றிப் பார்க்கப்பட வேண்டும்.

அனுபவமுள்ள ரைடர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிளை எடுத்ததும் சுவர் பக்கம் போக மாட்டார்கள். சமதரையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலில் முழு எடையையும் போட்டு இரண்டு மூன்று தடவை அழுத்துவார்கள். கிராங்கைக் கொஞ்சம் திருப்பி, வேறு இடத்தில் வைத்து மறுபடி அழுத்துவார்கள். பிறகு தரையிலேயே நாலைந்து குட்டித் தாவல். எங்காவது ஒரு ‘டக்’ கேட்டால், பெடல் ஓர் அங்குலம் சறுக்கினால், அன்றைக்குச் சுவர் கிடையாது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு டூல் பையைத் திறப்பார்கள்.