ஆடு, மாடு, ஆங்கிலம்



"ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்றீங்க டீச்சர்?" என்று பலர் கேட்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மாலை, எங்கள் ஊர் நூலகத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறேன். 12 பேர் வருகிறார்கள். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய அம்மாக்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. வீடியோ காலில் முகம் பார்க்கலாம், பேச முடியாது. அந்த ஏக்கம்தான் அவர்களை வகுப்புக்கு வரவைக்கிறது.

போன வாரம் விலங்குகள் பாடம் தொடங்கினேன். 40 வருஷம் மாடு வளர்த்தவரிடம் மாட்டுப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பது மரியாதை இல்லை. அதனால் படம் எதுவும் கொண்டுபோகவில்லை. "உங்க வீட்டுச் சேவல் எப்படிக் கூவும்?" என்று கேட்டேன். "கொக்கரக்கோ!" என்றார்கள். "இங்கிலீஷ்காரங்க சேவல் காக்-எ-டூடுல்-டூன்னு கூவும்" என்றேன். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. நம் நாய் 'லொள் லொள்', அவர்கள் நாய் 'வூஃப் வூஃப்'. இப்படிச் சிரித்ததிலேயே பாதிக் கூச்சம் போய்விட்டது.

பிறகு சொற்களுக்கு வந்தோம். வெள்ளாடும் செம்மறியும் நமக்கு ஆடுதான். ஆங்கிலத்தில் 'கோட்' வேறு, 'ஷீப்' வேறு. ஒன்று என்றாலும் ஷீப், நூறு என்றாலும் ஷீப். நாய்க்குட்டி 'பப்பி', பூனைக்குட்டி 'கிட்டன்', வெள்ளாட்டுக் குட்டி 'கிட்'. சின்னப் பிள்ளையையும் 'கிட்' என்பார்கள் என்றதும், "நாமளும் பேரனைக் குட்டின்னுதானே கொஞ்சுறோம்!" என்றார் ஒருவர். அந்தச் சொல் இனி யாருக்கும் மறக்காது.

ஆறு வகுப்பாக வாயே திறக்காத ஓர் அம்மா அன்று கேட்டார்: "டீச்சர், மாட்டை 'இட்'னுதான் சொல்லணுமா? எங்க லட்சுமியை நான் 'அது'ன்னு சொன்னதே இல்ல."

"பொதுவா 'இட்'தான். ஆனா நாமே வளர்க்கிற பசுவை 'ஷி'ன்னு சொல்றதும் வழக்கம்தாங்க" என்றேன்.

உடனே எழுந்து நின்றார். "மை கவ் லட்சுமி. ஷி கிவ் மில்க். ஷி நோ மீ." இலக்கணம் கொஞ்சம் இடறியது. நான் குறுக்கே பேசவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் தொழுவத்திலிருந்தே பேரனுக்கு வீடியோ கால் போட்டாராம். "டஸ் ஷி பைட்?" என்று கேட்டானாம் அவன். இவர் "நோ பைட்! குட் கவ்!" என்றாராம். இதுவரை மகன்தான் நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்ப்பான். அன்று அதற்கு வேலை இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் அம்மாவோ அப்பாவோ தடுமாறி ஆங்கிலம் பேசினால் போனை நடுவில் வாங்கிவிடாதீர்கள். குழந்தைகள் முன்னால் திருத்தவும் வேண்டாம். ஆடு, மாடு, கோழி பற்றி அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். அப்படியே 'கன்னுக்குட்டி' என்ற சொல்லையும் குழந்தை கற்றுக்கொள்ளட்டும்.

அடுத்த வாரம் பறவைகள். காக்காயிலிருந்து தொடங்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்